தறி நின்றால் வேலையின்மை கூடுமா?

புள்ளியியல் துறையின் கணக்கெடுப்பாளர் ஒருவர் கையில் டேப்லெட்டுடன் சத்திரப்பட்டியில் ஒரு விசைத்தறிக்காரர் வீட்டு வாசலில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள இந்த ஊர்த் தறிகளில் நெய்வது வேட்டியோ சேலையோ அல்ல, காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி.

"போன வாரம் தறி ஓடுச்சா அண்ணாச்சி?"

"திங்க, செவ்வா ஓடுச்சு சார். அதுக்கு மேல பாவு வரலை. நூல் வெலை கண்டபடி ஏறிக் கெடக்கு, கொஞ்சம் பொறுன்னுட்டாரு மொதலாளி."

"மத்த அஞ்சு நாளு?"

"என்ன செய்ய, சும்மாதான் கெடந்தோம்."

கணக்கெடுப்பாளர் திரையில் ஒரு கட்டத்தைத் தொடுகிறார். தறிக்காரர் 'வேலையில் இருப்பவர்' ஆகிறார். அவர் மீது பிழை சொல்ல முடியாது, விதியே அப்படித்தான். கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால் போதும். தார் சுற்றிக் கொடுத்த மனைவிக்குத் தனியாகக் கூலி கிடையாது. இருந்தாலும் குடும்பத் தொழிலில் உதவுபவர் என்ற கணக்கில் அவரும் வேலையில் இருப்பவர்தான். பொறியியல் முடித்துவிட்டுக் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் மகன் எந்தக் கணக்கில் வருவான் என்பது அவன் வாயிலிருந்து வரும் சொல்லைப் பொறுத்தது. "வேலை தேடிக்கிட்டிருக்கேன்" என்றால் வேலையில்லாதவன். "படிச்சுக்கிட்டிருக்கேன்" என்றால் உழைப்பாளர் பட்டியலிலேயே இல்லை. அந்த வாரம் அந்த வீட்டுக்கு வந்த வருமானம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. வேலையின்மை விகிதமோ இம்மியும் அசையவில்லை.

மாதாமாதம் செய்தித்தாளில் வரும் வேலையின்மை விகிதத்தை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான். இங்கே வேலை போவது ஆள் கணக்கில் போவதில்லை, மணிக் கணக்கில் போகிறது. தலையை எண்ணும் கருவிக்கு மணி தெரியாது.

ஒரு மணி நேர விதியை யாரோ ஏமாற்றுவதற்காக உண்டாக்கவில்லை. 1982-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் கீழ் கூடிய புள்ளியியலாளர் மாநாடு வேலை, வேலையின்மை இரண்டுக்கும் உலகத்துக்குப் பொதுவான வரையறையை வகுத்தது. ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடும்போது ஒரு மணி நேரம் நெய்த துணியையும் விடாமல் சேர்க்கிறோம். அப்படியானால் அதை நெய்த ஆளையும் உழைப்புக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் துணி இருக்கும், நெய்தவர் இருக்கமாட்டார். வேலையில் இருப்பவர், வேலையில்லாதவர், இரண்டிலும் சேராதவர் என்று மூன்று கூடைகள். ஒருவர் ஒரு கூடையில்தான் விழ வேண்டும். வேலையில்லாதவர் கூடையில் விழுவதற்குத்தான் நிபந்தனைகள் அதிகம்: கொஞ்சமும் வேலை இருந்திருக்கக் கூடாது, கிடைத்தால் செய்யத் தயாராக இருக்க வேண்டும், தேடியும் இருக்க வேண்டும்.

தொழிற்சாலை மூடினால் தொழிலாளி வீட்டுக்குப் போய் அரசின் உதவித்தொகையில் காலம் தள்ளும் நாடுகளுக்கு இந்த வரையறை ஓரளவு ஒத்துப்போகும். இந்தியாவுக்கு ஒத்துவராது என்பது வெகுநாள் முன்பே தெரிந்த விஷயம். எம்.எல். தந்த்வாலா தலைமையிலான நிபுணர் குழு 1970-ல், இந்த நாட்டில் எல்லோரையும் ஒரே எண்ணில் அடக்கிவிட முடியாது, கூலியாள், சொந்தத் தொழில்காரர், ஆண், பெண், கிராமம், நகரம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்றது. அதை ஒட்டி 1972-73 முதல் தேசிய மாதிரி ஆய்வில் ஒரே ஆளை மூன்று விதமாக அளக்கும் வழக்கம் வந்தது. ஆண்டின் பெரும்பகுதியில் என்ன செய்தார் என்பது ஒன்று. போன வாரம் என்ன செய்தார் என்பது இன்னொன்று. மூன்றாவது, போன வாரத்தின் ஒவ்வொரு நாளையும் அரை நாள் அரை நாளாக வெட்டி, எத்தனை அரை நாள் வேலை இருந்தது என்று பார்ப்பது. நம் தறிக்காரரின் சும்மா கிடந்த ஐந்து நாளும் அகப்படுவது இந்த மூன்றாவது அளவில்தான். 2011-12 ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு, அதே குடும்பங்கள், அதே கேள்வித்தாள். ஆண்டுக் கணக்கில் இந்தியாவின் வேலையின்மை 2.2 சதவீதம், அன்றாடக் கணக்கில் 5.6 சதவீதம்.

இந்த விஷயத்தில் இதுவரை எழுதப்பட்டதில் எனக்கு இன்றும் தெளிவாகத் தோன்றுவது பொருளியலாளர் ராஜ் கிருஷ்ணா 1970-களின் தொடக்கத்தில் வைத்த நான்கு கேள்விகள். ஒருவருக்கு நேரம் மிச்சம் இருக்கிறதா? வருமானம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறதா? இன்னும் வேலை கிடைத்தால் செய்வாரா? அவரை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டால் உற்பத்தி குறையுமா? நாலு கேள்விக்கும் நாலு விதமான வேலையின்மை. இந்த வட்டாரத்தில் நாலுக்கும் ஆள் காட்டலாம். நேரத்துக்குத் தறிக்காரர். வருமானத்துக்கு, காலையிலிருந்து பொழுது சாயும்வரை பேண்டேஜ் துணியை வெட்டி மடித்துப் பொட்டலம் கட்டி, துண்டுக் கணக்கில் கூலி வாங்கும் பெண். அவருக்கு நேரமே மிச்சமில்லை, காசும் மிச்சமில்லை. மூன்றாவதற்கு, பேரக்குழந்தை பள்ளிக்கூடம் போன பிறகு நாலு மணி நேரம் ஏதாவது கிடைத்தால் செய்வேன் என்று சொல்லிக்கொண்டே, யாரிடமும் போய்க் கேட்காத வீட்டுப் பெண்கள். நாலாவதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதியில் ஒரு பால்கோவாக் கடை. சட்டியில் பாலைக் கிண்ட ஒருவர், எடைபோட ஒருவர் போதும் என்ற இடத்தில் அண்ணன் தம்பி நாலு பேர் நிற்பார்கள். ஆடிப்பூரத் தேர் ஓடும் நாளில் நாலு பேரும் தேவைப்படுவார்கள் என்பது உண்மைதான். புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்ப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் பெயருக்குக் காப்பு வந்திருக்கிறது, கடையில் ஈ ஓட்டும் நேரத்துக்கு வழி பிறக்கவில்லை.

அந்த நாலு பேரையும் அரசாங்கக் கணக்கு 'சுயதொழில்' என்று எழுதும்.

பஞ்சாலைக் கதை தனி. ராஜபாளையத்தை நகரமாக்கியது மில்தான். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். 1939-ல் மருத்துவப் பஞ்சுக்கென்றே ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் வந்தது. இன்று பேண்டேஜ் துணிக்கு இந்த வட்டாரம் பெயர் பெற்றிருப்பதன் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. அந்தக் காலத்தில் மில் வேலை என்றால் நிரந்தரம், மூன்று ஷிப்ட், சங்கம், போனஸ். ஒரு வீட்டில் ஒருவர் மில்லில் இருந்தால் பெண் கொடுக்க யோசிக்கமாட்டார்கள்.

நூற்பாலைக்காரர்களிடம் ஓர் அளவுகோல் உண்டு: 100 கிலோ நூல் நூற்க எத்தனை மனித மணி பிடிக்கிறது? ஆலை எந்த அளவுக்கு நவீனமானது என்பதை இந்த ஓர் எண் சொல்லிவிடும். பழைய ரிங் ஃப்ரேமில் கதிர் நிறைந்ததும் ஒவ்வொன்றாகக் கையால் உருவி, வெறும் கதிரைச் செருக ஒரு கூட்டம் ஆள் வேண்டும். டாஃபிங் என்பார்கள். இப்போது ஆயிரம் கதிருக்கு மேல் உள்ள நீள மெஷினில் அத்தனையையும் இயந்திரமே ஒரே மூச்சில் உருவி மாற்றிவிடுகிறது. நூல் சுற்றும் பகுதியில் அறுந்த இழையைப் பெண்கள் கைவிரலால் முடிபோட்ட காலம் போய், ஆட்டோகோனர் காற்றின் வேகத்திலேயே இழையை இழையோடு முறுக்கி இணைக்கிறது. நூல் கூடுகிறது, ஆள் குறைகிறது. யாரையும் வேலையை விட்டு நீக்கத் தேவையில்லை. ஓய்வுபெற்றவர் இடத்தில் புது ஆள் போடாமல் விட்டாலே போதும். அதனால்தான் இந்த மாற்றம் எந்த வேலையின்மைப் புள்ளிவிவரத்திலும் பெரிய குதியாகத் தெரிவதில்லை. இருந்த வேலை யாருக்கும் போகவில்லை. வந்திருக்க வேண்டிய வேலை அடுத்த தலைமுறைக்கு வரவில்லை, அவ்வளவுதான். வராத வேலையை எண்ணும் புள்ளிவிவரம் எங்கும் கிடையாது.

அப்படியிருந்தும் மில் வாசலில் 'ஆட்கள் தேவை' போர்டு தொங்குகிறது. ஆளில்லை என்று முதலாளிகள் சொல்கிறார்கள், வேலையில்லை என்று பட்டதாரிகள் சொல்கிறார்கள், இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இந்தப் புதிருக்குப் பொருளியலில் நல்ல விளக்கம் இருக்கிறது. காலி இடங்களும் வேலையற்றோரும் எப்படி ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்ற ஆய்வுக்காகப் பீட்டர் டயமண்ட், டேல் மார்ட்டென்சன், கிறிஸ்டோபர் பிசாரிடிஸ் மூவரும் 2010-ல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார்கள். வேலைச் சந்தையில் கத்தரிக்காயை விலை சொல்லி விற்பதுபோல் நொடியில் பேரம் முடியாது. தேட வேண்டும், காத்திருக்க வேண்டும், கிடைத்தது பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இதைவிடக் குறைந்தால் போகமாட்டேன் என்று ஒவ்வொருவர் மனதிலும் ஒரு கூலி இருக்கும். கல்லூரி முடித்தவனுக்கு அந்தக் கோடு ஏறிவிடுகிறது. இரவு ஷிப்ட், காதைத் துளைக்கும் இரைச்சல், நுரையீரலில் படியும் பஞ்சுத் தூசி. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியதும் நெஞ்சை இறுக்கும் பைசினோசிஸ் என்ற நோயின் பெயர் அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம், அப்பா இருமுவதைக் கேட்டு வளர்ந்திருக்கிறான். அவன் ஏன் போவான்? அவன் விட்ட இடத்தை வட மாநிலத்திலிருந்து வந்து விடுதியில் தங்கும் இளைஞர்களைக் கொண்டு நிரப்புகிறார்கள். தமிழ்நாட்டுப் பஞ்சாலைத் தொழிலில் இளம்பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் விடுதியில் அடைத்து, கடைசியில் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி வேலை வாங்கிய 'சுமங்கலித் திட்டம்' கடும் கண்டனத்துக்கு ஆளானதும் இந்த ஆள் தேடலின் ஒரு கிளைதான்.

படித்தவன் காத்திருக்கிறானே, அது சோம்பலா? ஜான் ஹாரிஸ், மைக்கேல் டொடாரோ இருவரும் 1970-ல் எழுதிய கட்டுரை இல்லை என்கிறது. அவர்கள் பேசியது கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போய் வேலைக்குக் காத்திருப்பவர்களைப் பற்றி. உடனே கிடைக்கும் சின்னச் சம்பளத்தையும், கிடைத்தாலும் கிடைக்கலாம் என்ற பெரிய சம்பளத்தையும் மனிதர்கள் எடைபோடுகிறார்கள். பெரிய சம்பளத்தை அது கிடைக்கும் வாய்ப்பால் பெருக்கி வரும் தொகை கவர்ச்சியாக இருக்கும்வரை காத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. 2024-ல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. பின்னால் இன்னும் கூட்டினார்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். முதல் அறிவிப்பின்படி முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு ஓர் இடம். கணக்கை நேர்மையாகப் போட்டால் இந்த வாய்ப்பில் காத்திருப்பது லாபமில்லை. ஆனால் அரசு வேலையில் வருவது சம்பளம் மட்டுமில்லை, கல்யாணமும் வீட்டுக் கடனும் அதோடுதான் வருகின்றன. அவற்றையும் சேர்த்தால் கணக்கு மாறிவிடுகிறது. காத்திருக்கும் செலவை ஏற்பது பெரும்பாலும் அப்பாவின் தறி.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் பார்த்து வேலையின்மையை மதிப்பிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாடு முழுவதும் பதிவு 60 லட்சத்தைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்ததும் பள்ளியிலேயே பதிவாகிவிடுகிறது, பிறகு மூன்று வருடத்துக்கொரு முறை புதுப்பித்தால் பெயர் நிற்கும். திருப்பூரில் சூப்பர்வைசராக இருப்பவரின் பெயரும் அதில் இருக்கலாம், தேடி அலுத்துப் புதுப்பிக்காமல் விட்டவரின் பெயர் இல்லாமலும் போகலாம். அரசு வேலைக்கு எத்தனை பேர் ஆசைப்படுகிறார்கள் என்று அறிய நல்ல ஆவணம். அதற்கு மேல் எதையும் அதில் தேடவேண்டாம்.

இனி வீழ்ச்சி, ஏற்றம் பற்றி. நாட்டின் தொழிலாளர் ஆய்வு (பி.எல்.எஃப்.எஸ்.) 2017-ல் தொடங்கியது. ஆண்டுக் கணக்கில் 2017-18-ல் 6.1 சதவீதமாக இருந்த வேலையின்மை, 2023-24-ல் 3.2-க்கு இறங்கியது. நடுவில் 2020 ஏப்ரல்-ஜூனில், ஊரடங்கின்போது, நகர்ப்புற வேலையின்மை வாரக் கணக்கில் ஏறத்தாழ 21 சதவீதத்தைத் தொட்டது. தறி அடியோடு நின்று, ஒரு மணி நேரம்கூட ஓடாத வாரங்கள் அவை. அப்போதுதான் தலை எண்ணும் கருவியும் அலறியது.

இறங்கிய 3.2-ஐப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன், பின்னத்தின் மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விகிதம் என்பது வேலை தேடுபவர்களை, வேலை பார்ப்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்த தொகையால் வகுத்து வருவது. ஒரு தெருவில் 50 பேர் வேலை பார்க்கிறார்கள், 5 பேர் தேடுகிறார்கள் என்றால் 55-ல் 5, அதாவது 9.1 சதவீதம். தேடிய ஐந்தில் மூன்று பேர் வெறுத்துப்போய் வீட்டோடு இருந்துவிட்டால் 52-ல் 2, அதாவது 3.8 சதவீதம். புதிதாக ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை, விகிதம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இந்தியாவில் சமீப ஆண்டுகளில் நடந்தது வேறொரு வகை. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலை பார்ப்பவர்களும் தேடுபவர்களும் 2017-18-ல் 23.3 சதவீதம், 2023-24-ல் 41.7 சதவீதம். ஆறு வருடத்தில் இப்படி ஏறியது உலகில் அபூர்வம். ஏறியதில் பெரும்பகுதி கிராமத்தில், சொந்த வயலிலும் சொந்தத் தறியிலும் சம்பளமில்லாமல் உதவுபவர்களாக. முன்பும் தார் சுற்றிய பெண்தான். இப்போது அவரிடம் கேள்வி கேட்கும் விதம் மாறியதா, உண்மையிலேயே அதிகம் உழைக்கிறாரா, வீட்டில் காசு பற்றாமல் இறங்கினாரா என்று ஆய்வாளர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை. என் சாய்வு மூன்றாவது காரணத்தின் பக்கம்.

சரி, நாட்டுக்கு ஓர் எண் இருக்கிறது. ராஜபாளையத்துக்கு? 2011 மக்கள்தொகைக் கணக்கில் 1.3 லட்சம் பேர் இருந்த நகராட்சி. ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 75,000 பேர். இரண்டுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இந்த இரண்டு ஊருக்கும் தனியாக வேலையின்மை விகிதம் என்று ஒன்று கிடையாது, இருப்பதாக யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மாதிரி ஆய்வின் இயல்பு அப்படி. 400 பேரைக் கேட்டு 5 சதவீதம் என்று கிடைத்தால், வாய்ப்பியல் விதிப்படி உண்மை ஏறத்தாழ 3-க்கும் 7-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்றுதான் பொருள். அந்த இடைவெளியைப் பாதியாக்க இரு மடங்கு ஆள் போதாது, நான்கு மடங்கு, 1,600 பேர் வேண்டும். அதிலும் பக்கத்துப் பக்கத்து வீடுகளாக எடுத்தால் பிழை இன்னும் கூடும். ஒரு தறித்தெருவில் ஒரு வீட்டுக்குப் பாவு வரவில்லை என்றால் அடுத்த வீட்டுக்கும் வந்திருக்காது. ஆய்வில் ஓர் ஊரிலிருந்து எடுப்பது பத்துப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட சில கொத்துகள்தான். ஒரு பையன் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினாலே ஊரின் விகிதம் ஆடிவிடும்.

2025 ஜனவரியில் இந்த ஆய்வின் அமைப்பை மாற்றினார்கள். மாதிரி சுமார் 2.7 லட்சம் வீடுகளாகப் பெருகியது. மாவட்டத்தை அடிப்படை அலகாக வைத்து வீடுகளைத் தேர்கிறார்கள். 2025 மே மாதத்தில் முதல் மாத அறிக்கை வந்தது: ஏப்ரலுக்கு 5.1 சதவீதம், வாரக் கணக்கில். விருதுநகர் மாவட்டத்துக்கு என்று நம்பத்தக்க ஓர் எண் வருவதற்கான கதவு இப்படித் திறந்திருக்கிறது. ஆனால் மாவட்டத்துக்குள்ளேயே அருப்புக்கோட்டைப் பக்கத்து மானாவாரியும், சிவகாசி பட்டாசும், மேற்கே மலையடிவாரத்து மாந்தோப்பும் இருக்கின்றன. சராசரி எடுத்தால் மூன்றுமே காணாமல் போகும்.

வேறு நாடுகளில் வேலைச் சந்தையின் எல்லையை நகராட்சிக் கல் தீர்மானிப்பதில்லை. ஆள் எங்கே தூங்குகிறார், எங்கே உழைக்கிறார் என்பது தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தின் உழைப்பாளர்களில் கால்வாசிப் பேர் பக்கத்துப் பெருநகரத்துக்கு வேலைக்குப் போனால், அதை அந்தப் பெருநகரப் பகுதியோடு சேர்த்துவிடுகிறார்கள். பிரிட்டனிலும் மக்கள் வேலைக்குப் போய்வரும் போக்கை வைத்தே வட்டாரம் பிரிக்கிறார்கள். நம் அரசமைப்புச் சட்டத்தில் பெருநகரப் பகுதி என்றால் 10 லட்சம் மக்கள் வேண்டும். ஆனால் அதிகாலையில் நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பட்டாசு ஆலை வேன்கள் சிவகாசிக்கும், மில் பஸ்கள் ராஜபாளையத்துக்கும், கல்லூரிப் பேருந்துகள் கிருஷ்ணன்கோவிலுக்கும் போகும். பெயரில்தான் தனித்தனி ஊர்கள். வேலைக்கு இது ஒரே சந்தை. 2011 கணக்கெடுப்பில் வீட்டிலிருந்து வேலையிடம் எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். அந்தத் தரவை வைத்து இந்தச் சந்தையின் எல்லையை வரைந்திருக்க முடியும்.

இந்தச் சந்தைக்கு மாத எண் போடத் தொடங்கினால் முதலில் மாட்டிக்கொள்வது தீபாவளியிடம். பட்டாசு ஆலைகள் தீபாவளிவரை முழு மூச்சில் ஓடும், பிறகு சில வாரம் மூடிக் கிடக்கும், பூஜை போட்டுத் திறக்கும். தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. இந்த ஆண்டின் நவம்பரை போன ஆண்டு நவம்பரோடு ஒப்பிட்டால் பொருளாதாரத்தை ஒப்பிடவில்லை, பஞ்சாங்கத்தை ஒப்பிடுகிறோம். மேல்நாட்டார் ஈஸ்டருக்கும், சீனர்கள் தங்கள் புத்தாண்டுக்கும் இதே தலைவலியை அனுபவித்து, நகரும் பண்டிகையின் தாக்கத்தைத் தனியே பிரித்தெடுக்கும் கணித முறைகளை உருவாக்கியிருக்கிறார்கள். அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் எக்ஸ்-13 என்ற மென்பொருளில் அதற்கு வசதி உண்டு, தீபாவளித் தேதியை நாமே ஊட்டலாம். ஆனால் அந்தக் கணக்குக்குப் பல வருட மாதத் தொடர் வேண்டும். நம் மாதத் தொடருக்கு வயது இன்னும் போதாது.

ஏன் ஆள் நிற்காமல் மணி நிற்கிறது? 1962-ல் ஆர்தர் ஓக்குன் அமெரிக்கத் தரவுகளில் ஒன்றைக் கவனித்தார். வேலையின்மை ஒரு சதவீதப் புள்ளி கூடும்போது உற்பத்தி ஒரு சதவீதமல்ல, சுமார் மூன்று சதவீதம் குறைந்திருந்தது. முதலாளி உடனே ஆளை அனுப்புவதில்லை, முதலில் ஓவர்டைமையும் ஷிப்ட்டையும் வெட்டுகிறார். பழகிய ஆளை அனுப்பிவிட்டால் திரும்பக் கிடைக்கமாட்டார் என்ற பயம். தறித்தொழிலில் இந்த விகிதம் அளவு கடந்து போகும். பாவு கொடுப்பவருக்குத் தறிக்காரரை நீக்கவே வேண்டியதில்லை, பாவை அனுப்பாமல் இருந்தால் போதும். 2020-ல் ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, 40,000 ரூபாய்க்கும் கீழே இருந்தது. 2022 மே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. பேண்டேஜ் துணியின் விலையை ஆஸ்பத்திரிக்காரர்கள் டெண்டரில் முன்னமே கட்டிவைத்திருப்பார்கள். நூல் விலை ஏறினால் இடையில் இருப்பவர் நெய்யாமல் இருப்பதே லாபம். அந்த நஷ்டம் கைமாறிக் கைமாறி, கடைசியில் தறியடியில் போய் இறங்குகிறது.

ஜெர்மனியிலும் இதே மணிக்குறைப்பு உண்டு, குர்ட்ஸ்ஆர்பைட் என்பார்கள். 2009-ல் அங்கே உற்பத்தி ஐந்து சதவீதத்துக்கு மேல் சரிந்தும் வேலையின்மை ஏறக்குறைய அசையவில்லை. குறைந்த மணிகளுக்கான நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, குழந்தை உள்ளவருக்கு 67 சதவீதத்தை, வேலையின்மைக் காப்பீட்டு நிதி கொடுத்தது. சத்திரப்பட்டியிலும் விகிதம் அசைவதில்லை, அங்கே ஈடுகட்டுவது தறிக்காரரின் மளிகைக்கடைப் பற்று.

தறி ஓடிய மணிகளை அளக்க அரசுக்கு ஒரு வழி ஏற்கெனவே கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் விசைத்தறிக்குத் தனி மின்கட்டணம், இரண்டு மாதத்துக்கொரு முறை இலவச யூனிட். 2023-ல் அது 750-லிருந்து 1,000 யூனிட்டாக உயர்ந்தது. அதனால் ஒவ்வொரு விசைத்தறி இணைப்பும் தனியாகப் பதிவில் இருக்கிறது, மீட்டரும் தவறாமல் எடுக்கப்படுகிறது. தறி ஓடினால் மீட்டர் ஓடும், நின்றால் நிற்கும். சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், சுந்தரபாண்டியம் பக்கத்துத் தறி இணைப்புகளின் மொத்த யூனிட்டை இரண்டு மாதத்துக்கொரு முறை வெளியிட்டால், யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்காமல் ஓடிய மணிகளுக்கு ஒரு குறியீடு கிடைத்துவிடும். மில் பக்கத்துக்கு வருங்கால வைப்புநிதியில் புதிதாகச் சேர்ந்தவர், விலகியவர் எண்ணிக்கையை 2018 முதல் மாதாமாதம் வெளியிடுகிறார்கள், அதை வட்டாரவாரியாகப் பிரித்தால் போதும். குறைகள் உண்டு. புதுத் தறி குறைந்த மின்சாரத்தில் அதிகம் நெய்யும், சூரிய மின்தகடு வைத்தவர் கணக்கில் குறைவார். மில்லில் ஒப்பந்தக்காரர் வழியாக வருபவர் வேறு ஊர்க் கணக்கில் பதிவாகியிருப்பார். இவற்றைத் திருத்த முடியும்.

மணிக்கணக்கு ஆய்விலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. தொழிலாளர் ஆய்வில் வாரத்தின் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி வேலை பார்த்தீர்கள், இன்னும் எத்தனை மணி செய்யத் தயார் என்று கேட்டுப் பதிகிறார்கள். நம் தறிக்காரரின் பதிலும் அந்த டேப்லெட்டில் போயிருக்கும்: திங்கள் பத்து, செவ்வாய் பத்து, மற்ற நாள் பூஜ்யம். தலைப்புச் செய்தியாக வருவது மட்டும் வேறொரு கட்டம். அடுத்த மாத அறிக்கை வரும்போது விகிதம் கூடியதா குறைந்ததா என்று பார்ப்பவர்கள், அதோடு ஒருவர் வாரத்துக்குச் சராசரியாக எத்தனை மணி உழைத்தார் என்ற அட்டவணையையும் ஆய்வறிக்கைகளில் தேடிப் பார்க்கலாம். நூல் விலை ஏறிய காலாண்டில் விகிதம் அப்படியே நின்று மணி சரிந்திருந்தால், சத்திரப்பட்டியில் அந்தக் காலாண்டு எப்படிப் போயிருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடியும்.